கருவாடு விற்க ஒரு டிகிரி: சமுதாயக் கல்லூரியில் மூன்று வருட மார்க்கெட்டிங்

போன வாரம் பாகூர் பஸ் ஸ்டாப்பில் தெரிந்த அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. நீ ஏதோ மார்க்கெட்டிங் படிச்சியே, அதுல சேக்கலாமா?" என்று கேட்டார். "சேக்கலாம்க்கா, ஆனா..." என்று நான் இழுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அந்த 'ஆனா'வைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடப்போவதில்லை. புதுச்சேரிப் பக்கம் என்பது மட்டும் போதும். நான் சொல்லும் குறைகளில் பாதியாவது இந்த மாதிரிப் படிப்பு நடத்தும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். அது தெரியாமல் என் தீர்ப்பைக் கேட்டுப் பயனில்லை. கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன்தான் பிறந்த ஊர். தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி எங்கள் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காலேஜ் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. திருப்பாப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாலு வருடம் சேலைப் பிரிவில் நின்றேன். 2016இல் கல்யாணமாகி பாகூருக்கு வந்தேன். அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஓ.டி. மார்க்கெட் ஓரத்தில் தரைக்கடை, திங்கட்கிழமையானால் காராமணிக்குப்பம் சந்தை. 2022இல் எனக்கு 28 வயது, பையன் எல்.கே.ஜி. சேர்ந்த அதே வாரம் நானும் கல்லூரியில் சேர்ந்தேன். "இந்த வயசுல பையத் தூக்கிக்கிட்டுக் காலேஜா?" என்றார் மாமியார். ஆனால் மூன்று வருடமும் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தது அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சமுதாயக் கல்லூரி என்றால் பலருக்கு ஏதோ தையல் வகுப்பு என்ற எண்ணம். இந்த யோசனை அமெரிக்காவில் 1901இல் தொடங்கியது. உள்ளூர் ஆட்கள் வீட்டிலிருந்தபடியே, குறைந்த செலவில், வேலைக்கு ஆகிற மாதிரி எதையாவது படிக்கட்டும் என்பதுதான் அடிப்படை. இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரியை 1995இல் தொடங்கியது நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம்தான். நான் படித்தது அது இல்லை, வேறொன்று. இப்போது இங்கெல்லாம் நடப்பது பெரும்பாலும் பி.வோக் என்ற தொழிற்கல்விப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2014இல் கொண்டுவந்த ஏற்பாடு. நான் சேர்ந்தபோது, ஒரு வருடம் படித்து நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடம் என்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றையும் முடித்தால் டிகிரி. பாடத்தில் 60 சதவீதம் தொழில்திறன், 40 சதவீதம் பொதுப்பாடம் என்பது கணக்கு. கணக்கு என்றுதான் சொன்னேன், நடப்பதை அப்புறம் சொல்கிறேன்.

சேர்க்கை சுலபம். பாகூரில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்ததால் குடியிருப்புச் சான்றிதழ் கிடைத்தது. டி.சி.யில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதற்காக மட்டும் பழைய பள்ளிக்கு மூன்று முறை அலைந்தேன். கட்டணம் செமஸ்டருக்கு ஐயாயிரத்துச் சொச்சம், பரீட்சைக் கட்டணம் தனி. தனியார் கல்லூரியில் பி.பி.ஏ.வுக்குக் கேட்டதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்கும் டீக்கும் ஆன காசுதான் மூன்று வருடத்தில் பெரிய செலவு.

வகுப்பில் முதல் நாள் 32 பேர். நான் உள்ளே நுழைந்ததும் நாலைந்து பேர் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். அந்த அவமானத்திலிருந்து மீள ஒரு வாரம் ஆனது. அப்புறம் எல்லோருக்கும் 'அக்கா' ஆகிவிட்டேன், ரெக்கார்டு நோட்டு வாங்கக் கடன் கேட்பதிலிருந்து காதல் பஞ்சாயத்து வரைக்கும். எங்களுக்கு எடுத்த மேடம் என்னைவிட ஒரு வயது சின்னவர். கடைசி வரை என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார், மற்றவர்களை 'நீ'. ஹால் டிக்கெட் தரும்போதுகூட அப்படித்தான்.

முதல் வருடப் பாடங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று, ஆங்கிலத்தில் 'பி' எழுத்தில் தொடங்கும் நாலு 'பி' இருக்கிறது. 1960இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தது. அதை நாலு செமஸ்டரில் நாலு தடவை எழுதினோம். ஆங்கிலத் தொடர்புத்திறன் என்ற பாடத்தில், தொலைந்துபோன சூட்கேஸுக்காக விமான நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொன்னார்கள். வகுப்பில் ஒருத்தர்கூட விமானம் ஏறியதில்லை.

ஆனால் முதல் வருடத்திலேயே வணிகக் கணக்கு என்று ஒரு பாடம் வந்தது. அந்த ஒன்றுக்காகவே கட்டின காசு சரியாகப் போய்விட்டது என்பேன். ஜவுளிக்கடையில் இருந்தபோது முதலாளி "இருபத்தஞ்சு பர்சன்ட் வச்சிருக்கேம்மா, ஆடிக்கு இருபது தள்ளிக் குடு, அஞ்சு நமக்கு நிக்கும்" என்பார். நானும் தலையாட்டுவேன். வகுப்பில் சார் போர்டில் எழுதினார். 200 ரூபாய்க்கு வாங்கிய சேலையில் 25 சதவீதம் ஏற்றினால் 250. அந்த 250இல் 20 சதவீதம் தள்ளினால் 50 போகும். மிச்சம் 200. அதாவது வாங்கின விலை. கடை வாடகை, கரண்டு, என் சம்பளம் எல்லாம் கைநஷ்டம். ஏற்றுவது வாங்கின விலை மேல், தள்ளுவது விற்கிற விலை மேல். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நாலு வருடம் ஆடித் தள்ளுபடியில் நின்றிருக்கிறேன். அந்தக் கடை இப்போது இல்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இது தெரியாமயா நான் புள்ளைய வளத்தேன்?" என்றாள். அவள் கணக்கு வேறு. நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோவுக்குப் பக்கம் நிற்கும், அதில் தலை உடைந்தது, மண் ஒட்டினது கழித்து என்ன தேறும் என்று விரலிலேயே சொல்லிவிடுவாள். மூட்டை கட்டி வைத்தால் மாசத்துக்கு எவ்வளவு எடை இறங்கும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் 'எடை இறங்கும் சரக்கு' என்று ஒரு பாரா கிடையாது.

புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் ஒன்று உண்டு. அதை இங்கேயே கொட்டிவிடுகிறேன். ஏழைகளுக்கு ஏற்ற சின்ன அளவில் பொருளை விற்பது பற்றி ஒரு பாடம். அதில் எல்லாம் வெளிநாட்டு உதாரணம். படம்கூட ஆப்பிரிக்கக் கிராமத்துக் கடை. ஆனால் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ. அப்பா பெயரின் எழுத்துகளிலிருந்து வந்த பெயர். அந்தக் கம்பெனிதான் பின்னால் கெவின்கேர் ஆனது. எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஆட்கள் வாங்கிப் பழகியதும், காலிப் பாக்கெட்டும் சிக்காகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். யோசித்துப் பாருங்கள். முதலில் போட்டியாளரின் வாடிக்கையாளரைக் கூப்பிட்டாயிற்று, அப்புறம் கதவைச் சாத்தியாயிற்று. இதைவிட அழகான பாடம் எந்த நாட்டில் இருக்கிறது? இதை வகுப்பில் நான்தான் எழுந்து சொன்னேன். மேடம் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா எக்ஸாம்ல புக்குல இருக்கிறதையே எழுதுங்க, பேப்பர் திருத்துறவங்க வேற காலேஜ்" என்றார். அவர் மேலும் தப்பில்லை.

விலை பற்றிய பாடமும் இப்படித்தான். புத்தகத்தில் இரண்டு பக்கம் வரைபடம். நான் பஸ்ஸில் தினமும் பார்த்தது முள்ளோடை, புதுச்சேரியின் எல்லை. கடலூர் வண்டிகள் எல்லை தாண்டி வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பும். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதற்காக எவ்வளவு தூரம் ஒருத்தர் வண்டி ஓட்டுவார், அந்தச் சில ரூபாயில் பாதி வரும் வழியிலேயே எரிந்துவிடாதா, எரிந்தாலும் ஏன் வருகிறார்? இந்தக் கேள்வியோடு ஒரு நாள் எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் போதும். யாரும் செய்யவில்லை.

சரி, அந்த 60 சதவீதத் தொழில்திறனுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் லேபில் 12 சிஸ்டம், ஓடுவது 8. ஒன்றுக்கு நாலு பேர். கீபோர்டு பக்கத்தில் யார் உட்காருகிறாரோ அவர் கற்றுக்கொள்வார், மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்போம். செய்முறை நோட்டில் 'கணினியில் செய்து காட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். இரண்டாம் வருடம் ஒரு மாதம் புதுச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பயிற்சி. பயிற்சி என்று பெயர், மூன்று வாரம் ரேக் அடுக்கினோம், ஒரு வாரம் வாசலில் நின்று பிஸ்கட் சாம்பிள் கொடுத்தோம். சம்பளம் கிடையாது. கூட இருந்த பையன்கள் கொதித்தார்கள். எனக்கு ஜவுளிக்கடைப் பழக்கம் இருந்ததால் கால்வலி புதிதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். கண் மட்டத்துத் தட்டில் எது இருக்கிறது, குழந்தை உயரத்தில் எது இருக்கிறது, பழைய தேதிச் சரக்கை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் தள்ளுவது, பால் பாக்கெட்டைக் கடையின் கடைசி மூலையில் வைத்திருப்பது எதற்கு என்பதெல்லாம் அங்கே பார்த்தது. யாரும் சொல்லித்தரவில்லை. ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒருவர் மட்டும் டீ டைமில் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவர் படித்தது பத்தாம் வகுப்பு.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் மட்டும் விதிவிலக்கு. வெளியிலிருந்து வாரம் ஒரு நாள் வந்த சார், தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, எங்கள் கையில் இருந்த போனிலேயே எல்லாம் செய்ய வைத்தார். கூகுள் மேப்பில் கடையைப் பதிவது, ரீல்ஸ் போடுவது, காசு கட்டி விளம்பரம் ஓட்டுவது. அம்மா கடையை மேப்பில் போட்டேன். தரைக்கடைக்குக் கதவு எண் கேட்டது, அது ஒரு தனிக் கதை. 500 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டியதில் ஏரியாவைக் கடலூர் என்று போடாமல் தமிழ்நாடு என்று விட்டுவிட்டேன். திருநெல்வேலியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நாற்பது பேர் 'விலை?' என்று கேட்டார்கள். இருவர் மட்டும் உண்மையாகவே வேண்டும் என்றார்கள். பார்சலைக் கூரியர் ஆபீஸில் வைத்ததும் அங்கிருந்த தம்பி மோந்து பார்த்துவிட்டு, "அக்கா, இத வச்சா மத்த பார்சல்லாம் கருவாடாயிடும்" என்றான். 500 ரூபாய் போனாலும் ஒன்று கற்றேன். மணம் வெளியே வராத பாக்கெட் இல்லாமல் இந்த வியாபாரம் ஓ.டி.யைத் தாண்டாது.

அதுவே கடைசி வருட ப்ராஜெக்ட் ஆனது. மற்றவர்கள் எல்லாம் மொபைல் கம்பெனி, குளிர்பானம் என்று எடுத்தார்கள். பாதி பேர் பழைய சீனியர்களின் ப்ராஜெக்டில் அட்டையை மாற்றினார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். நான் 'பாக்கெட் கருவாட்டுக்கான சந்தை' என்று தலைப்பு கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. மேடமும்தான்.

2024 தொடக்கத்தில் சர்வே. மஞ்சக்குப்பத்திலும் ஓ.டி.யிலும் காராமணிக்குப்பம் சந்தையிலும் 50 பேரிடம் கேட்டேன். கேள்வி: 'சுத்தமான, மணம் வராத பாக்கெட்டில் கருவாடு கிடைத்தால் வாங்குவீர்களா?' 46 பேர் ஆமாம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு வேக்கம் பேக்கிங் மெஷின், கவர், லேபிள் என்று 9,000 ரூபாய் போட்டேன். 100 கிராம் நெத்திலிக்கு மீன் 38 ரூபாய், கவரும் லேபிளும் 4 ரூபாய், விலை 60. பாக்கெட்டுக்கு 18 நிற்கும். 9,000ஐ 18ஆல் வகுத்தால் 500 பாக்கெட்டில் போட்ட முதல் திரும்பிவிடும். 46 பேர் ஆமாம் சொன்ன ஊரில் 500 பாக்கெட் எம்மாத்திரம்?

முதல் வாரம் விற்றது 3 பாக்கெட். அதில் ஒன்று என் சித்தி.

அம்மாவின் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை ஆயிரம் தடவை பார்த்ததுதான், ஆனால் வாங்குகிறவர்களின் கையைப் பார்த்ததில்லை. ஒரு அம்மா வருகிறார். நெத்திலியை எடுத்து ஒடிக்கிறார். டக்கென்று ஒடிந்தால் நல்ல காய்ச்சல், வளைந்தால் ஈரம். மூக்கருகே கொண்டுபோகிறார். வாளையாக இருந்தால் வயிற்றுப் பக்கத்தை விரித்து உப்பு பூத்திருக்கிறதா என்று பார்க்கிறார். சென்னாகுனி என்ற பொடி இறாலை உள்ளங்கையில் போட்டு ஊதுகிறார், மண் இருந்தால் தெரிந்துவிடும். இத்தனையும் முடித்த பிறகுதான் விலையே கேட்கிறார். நான் கொண்டுவந்து வைத்த பாக்கெட் இத்தனைக்கும் தடை. எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னா வச்சிருக்கியோ" என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார் ஒருவர். மணம் வராததைப் பெருமையாக நான் லேபிளில் போட்டிருந்தேன். அவருக்கு மணம்தான் அத்தாட்சி.

என் கேள்விதான் தப்பு. 'சுத்தமான' என்று நானே சொல்லிவிட்டு, வாங்குவீர்களா என்று கேட்டால் யார் இல்லை என்பார்? சந்தை ஆய்வுப் பாடத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, பதிலைக் கேள்விக்குள்ளேயே ஊட்டிவிடும் கேள்வி. பரீட்சையில் இதைப் பற்றி ஐந்து மார்க் வாங்கியவள்தான் நான். எழுதும்போது தெரிந்தது, கேட்கும்போது தெரியவில்லை.

அப்புறம் சர்வே தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாக்கெட் வாங்கிய சிலரிடம் மட்டும் "எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்டேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு. சிங்கப்பூர் கிளம்பும் தம்பிக்கு. ஹாஸ்டல் பையனுக்கு. தங்கள் வீட்டு அடுப்புக்காக வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. ஊரை விட்டுப் போகிறவர்தான் என் ஆள். உள்ளூரில் சமைப்பவர் இல்லை. வாங்குபவர் அம்மா, ஆனால் பாக்கெட்டுக்குத் தேவை இருப்பது பஸ்ஸிலும் விமானத்திலும். இது தெரிந்ததும் எல்லாம் மாறியது. பக்கத்தில் ஒரு தட்டில் அதே சரக்கைத் திறந்து வைத்தோம், ஒடித்து மோந்து பார்க்க. தேர்ந்தெடுத்ததை அவர்கள் கண் முன்னாலேயே கவரில் போட்டு மெஷினில் காற்றை உறிஞ்சி ஒட்டிக் கொடுத்தோம். நெத்திலித் தலையும் கெளுத்தி முள்ளும் கவரைக் குத்தி ஓட்டை போட்டன. உள்ளே ஒரு தடித்த தாளைச் சுற்றி அதையும் சமாளித்தோம். 100 கிராம் பாக்கெட்டை விட்டுவிட்டுக் கால் கிலோவுக்கு மாறினோம், ஊருக்குக் கொடுத்தனுப்புகிறவர் 100 கிராம் வாங்கமாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா அசையவில்லை. 150 என்று வைக்காமல் 149 என்று வைத்தால் மனசுக்குக் குறைவாகத் தெரியும் என்று படித்ததைச் சொன்னேன். "ஒரு ரூவா சில்லறைக்கு நான் எங்கடி போவேன்? குடுக்கலன்னா திருடின்னு பேரு வரும்" என்றாள். தரைக்கடையில் அவள் சொன்னதுதான் சரி.

லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவு விஷயத்தில் கல்லூரிப் பாடம் நேரடியாக உதவியது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது அடிப்படைப் பதிவு போதுமானதாக இருந்தது, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது, 14 இலக்க எண் கொடுத்தார்கள். லேபிளில் நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, பேக் செய்த மாதம், முகவரி, புகாருக்கு ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். இதையெல்லாம் முதல் லேபிளிலேயே சரியாகப் போட்டேன். வெளியில் ஏஜென்ட் ஒருவர் இதற்கு மட்டும் 3,000 ரூபாய் கேட்டார்.

நடுவில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அதற்கு முன்னாலேயே சரக்கு வாங்கி வைத்தால்தான் உண்டு. ஜூலையிலிருந்து வியாபாரம் மெல்லச் சூடு பிடித்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பும்போது நன்றாக ஓடியது. ப்ராஜெக்டை டிசம்பரில் கொடுக்க வேண்டும். நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை நிற்கவே இல்லை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரத்தையும் எங்கள் பாகூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. அம்மா வீட்டில் 60 கிலோ இருந்தது. பரண் மேல் இருந்தது தப்பியது, கீழே இருந்த 20 கிலோ ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடித்தது. பாக்கெட்டில் இருந்த சரக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காற்று புகாத கவருக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்பது என் ப்ராஜெக்டிலேயே இல்லாத விஷயம். மழை முடிந்ததும் அம்மா தானாகவே, "மழைக் காலத்துக்கு முன்னாடி பாதிச் சரக்க கவர்ல அடைச்சிடு" என்றாள். மூன்று வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த பெரிய சான்றிதழ் அதுதான்.

இதையெல்லாம் எழுதிக் கொண்டுபோனேன். 50 பேரிடம் கேட்ட கேள்வி ஏன் தப்பு என்று ஒரு அத்தியாயம், வெள்ளம் பற்றி ஒரு அத்தியாயம். மேடம் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "சர்வே ரிசல்ட்டுக்குப் பை சார்ட் போடுங்க. இந்த வெள்ளத்த எல்லாம் 'வரம்புகள்'னு கடைசியில ஒரு பாராவாப் போட்டாப் போதும்" என்றார். ஆகவே என் ப்ராஜெக்டில் 46 பேர் ஆமாம் என்று சொன்ன வட்டப்படம், அதுவும் கலரில், முதல் பக்கத்தில் இருக்கிறது. உண்மையில் நடந்தது கடைசிப் பக்கத்தில் ஏழு வரி. எனக்கு 84 மார்க். வெளித்தேர்வாளர் கேட்ட ஒரே கேள்வி, "சாம்பிள் கொண்டாந்திருக்கீங்களா?" கொண்டுபோயிருந்தேன். பஸ்ஸில் அந்தப் பைக்காக கண்டக்டரிடம் வாங்கிய திட்டு தனி.

வேலை விஷயம். கடைசி வருடம் முடித்தது 14 பேர். டிப்ளமோ வாங்கிக்கொண்டு முதல் வருடமே நின்ற பையன்கள் இருவரை நேரு வீதியில் ஒரு செருப்புக் கடையில் பார்த்தேன். அந்தச் சான்றிதழைக் கடையில் யாரும் கேட்கவே இல்லையாம். எந்த வருடமும் வெளியே போகலாம் என்பதை ஒரு வசதியாகச் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில், நடுவில் இறங்கினால் கையில் கிடைக்கும் காகிதத்துக்கு இந்தப் பக்கத்தில் மதிப்பில்லை. டிகிரிக்கு மதிப்புண்டு. ஏதாவது ஒரு பட்டம் என்று கேட்கும் தேர்வுகளுக்கு எழுதலாம், எம்.பி.ஏ.வும் போகலாம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டும். ஒரு தனியார் வங்கியின் நேர்காணலில், "பி.வோக்னா டிப்ளமோவா?" என்று கேட்டார்கள். யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறது என்று பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகு நம்பினார்கள். வேலை கிடைத்தது, கிரெடிட் கார்டு விற்கும் வேலை. போகவில்லை. கல்லூரி நடத்திய வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்த மூன்று கம்பெனியும் அதே ரகம்தான்.

என்னோடு படித்தவர்களில் யார் தேறினார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். மத்தியானத்துக்கு மேல் ஏதாவது ஒரு கடையில் நின்றவர்கள். வில்லியனூர்ப் பையன் ஒருவன் மாமாவின் பெயின்ட் கடையில் இருந்தான், இப்போது அந்தக் கடையின் கொள்முதல் முழுக்க அவன் கையில். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணி விற்ற பெண் ஒருத்தி, வகுப்பில் எப்போதும் தூங்குவாள், கணக்கு வகுப்பில் மட்டும் முன் பெஞ்சில் உட்காருவாள். வெறும் வகுப்புக்கு மட்டும் வந்து போனவர்களுக்கு நாலு 'பி' மனப்பாடமானது.

ஆகவே அக்கா, உங்கள் பெண்ணைச் சேர்க்கலாம். மூன்று வருடமும் முடிப்பாள் என்றால் சேர்க்கலாம். சேர்ந்த முதல் மாதமே சாயங்காலத்துக்கு ஒரு கடையில் விடுங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்கு வகுப்பையும், வெளியிலிருந்து வரும் ஆட்களின் வகுப்பையும் விடாமல் போகச் சொல்லுங்கள். லேபில் கீபோர்டுக்கு நேரே உட்காரச் சொல்லுங்கள், கூச்சப்பட்டால் மூன்று வருடமும் வேடிக்கைதான். பயிற்சிக்கு அனுப்பும் இடத்தை அவளே முன்கூட்டித் தேடிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பி.பி.ஏ.வுக்கு வசதி இருக்கிறது, பெண்ணுக்குக் கடை கண்ணி பக்கம் நாட்டமில்லை என்றால் அதிலேயே விடுங்கள்.

மெஷினுக்குப் போட்ட 9,000 திரும்பி வர எட்டு மாதம் ஆனது. இப்போது திங்கட்கிழமை சந்தைக்கு நானும் போகிறேன். போன வாரம் ஒருவர் வஞ்சிரத்தைக் கையில் எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் விலை சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வீட்டுக்கா, ஊருக்குக் குடுத்தனுப்பவா?"

"மவன் துபாய் போறான்" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கவரை எடுத்தேன்.